பிளினி 12.84-ல இருந்து: ரோம வரலாற்றுக்கு ஆதாரம் தேடிப் படிக்கிற வழி

ரோம் வருஷா வருஷம் 10 கோடி செஸ்டர்ஸ் (ரோமக் காசு) பணத்தை நம்ம மிளகுக்காகக் கொட்டிக் கொடுத்துச்சு, முதல் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் பிளினியே இதைச் சொல்லிப் புலம்பியிருக்காரு. இந்த வரியைப் பட்டிமன்றத்துல கேட்டிருப்பீங்க, வாட்ஸ்அப்ல ஃபார்வர்டா வந்திருக்கும், சில நல்ல புத்தகங்கள்லயே பார்த்திருக்கேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி. ஆனா பிளினி எந்த நூல்ல எந்த இடத்துல சொன்னாருன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதைத் தேடப் போய்தான் ரோம வரலாறு படிக்க உருப்படியான ஒரு வழி எனக்குப் பிடிபட்டுச்சு, அதைத்தான் இங்க எழுதுறேன். நான் வரலாறு படிச்சு டிகிரி வாங்கின ஆள் இல்ல, வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரில படிக்கிறவன், ஊர் லைப்ரரில ரோம்னு தேடினா போட்டித் தேர்வு கைடுதான் கிடைக்கும், பக்கத்துல ஒரு காலேஜ் லைப்ரரில கேட்டதுக்கு வெளியாளுக்கு அனுமதி இல்லன்னுட்டாங்க. அதனால கீழே சொல்றது பெரும்பாலும் ஒரு போன், ஒரு லேப்டாப் வச்சு காசில்லாம எடுக்கக்கூடியது.

முதல்ல பிடிச்சுக்க வேண்டியது நம்பர். குறள் 423ன்னு சொன்னா எந்தப் பதிப்பகத்துப் புத்தகத்தை எடுத்தாலும் அதே குறளுக்குப் போய் நிப்போம்ல, கிரேக்க லத்தீன் நூல்களுக்கும் அதே ஏற்பாடுதான், பக்க எண் பெரும்பாலும் தேவைப்படாது. டாசிட்டஸ்ங்கிற ரோம வரலாற்று ஆசிரியரோட நூலுக்கு 'டாசிட்டஸ், அன்னல்ஸ் 15.44'ன்னு போட்டிருந்தா 15வது புத்தகம், 44வது அத்தியாயம், ரோம் எரிஞ்சதுக்கு அப்புறம் பேரரசர் நீரோ கிறிஸ்தவங்க மேல பழி போட்ட இடம். லத்தீன்ல இருக்கட்டும், இங்கிலீஷ்ல இருக்கட்டும், 1900ல வந்த பதிப்பா இருக்கட்டும், போன வருஷம் வந்ததா இருக்கட்டும், 15.44 அங்கேயேதான் இருக்கும். இது தெரிஞ்சுட்டா எந்த ரோம வரலாற்றுப் புத்தகத்தோட ஃபுட்நோட்டும் உங்களுக்குத் திறந்த கதவு மாதிரிதான். சின்னச் சின்ன எழுத்துல இருக்குன்னு தாண்டிப் போகாதீங்க, ஆதாரம் முழுக்க அங்கதான் இருக்கு.

பிளினில மட்டும் ஒரு சிக்கல் உண்டு. அவரோட இயற்கை வரலாறு 37 புத்தகம், அதுக்கு ரெண்டு விதமான எண் புழக்கத்துல இருக்கு. 1855ல வெளிவர ஆரம்பிச்ச போஸ்டாக், ரைலி மொழிபெயர்ப்புதான் இணையத்துல ஃப்ரீயா எல்லா இடத்துலயும் கிடைக்குது, அது பழைய அத்தியாய எண்ணுல போகும். இப்ப ஆய்வாளர்கள் குறிப்பிடுறது அதை விடச் சின்னச் சின்னப் பிரிவு எண். அதனால ஒருத்தர் 12.41ன்னு எழுதுவாரு, இன்னொருத்தர் 12.84ன்னு எழுதுவாரு, ரெண்டும் ஒரே இடம்தான். இது தெரியலைன்னா நம்பரைத் தேடிப் போய் சம்பந்தமே இல்லாத மரத்தைப் பத்திப் படிச்சிட்டு, ஆதாரமே பொய்யின்னு நினைச்சுக்க வாய்ப்பு இருக்கு.

சரி, அந்த 12.84ல என்னதான் இருக்கு? ரொம்பக் குறைச்சு மதிப்புப் போட்டாலும் இந்தியா, பட்டு வர்ற சீனர் நாடு, அரேபியத் தீபகற்பம் மூணும் சேர்ந்து வருஷத்துக்கு 10 கோடி செஸ்டர்ஸ் நம்ம சாம்ராஜ்யத்துகிட்ட இருந்து எடுத்துக்குது, நம்ம ஆடம்பரத்துக்கும் பெண்களுக்கும் இவ்வளவு செலவாகுது, இதான் அவர் சொல்றது. மூணும் சேர்ந்து! இந்தியா மட்டும் இல்ல. மிளகுங்கிற பேச்சே அந்த இடத்துல இல்ல, அவர் அங்க பேசிட்டிருக்கிறது சாம்பிராணி, வாசனைப் பொருள் பத்தி, அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் நீரோ தன் மனைவி பொப்பேயாவோட இறுதிச் சடங்குல ஒரே நாள்ல எரிச்ச வாசனைப் பொருள் அளவுக்கு அரேபியாவே ஒரு வருஷத்துல விளைவிக்காதுன்னு கோபப்படுறாரு. இந்தியாவை மட்டும் தனியா எடுத்துச் சொல்றது 6.101ல, அங்க கணக்கு 5 கோடி, அந்தச் சரக்கு ரோம்ல நூறு மடங்கு விலைக்குப் போகுதுன்னும் சேர்த்துச் சொல்றாரு. மிளகு இன்னொரு இடம், 12.28, கருமிளகு ராத்தல் 4 டினாரியஸ் (ரோம வெள்ளிக்காசு), வெள்ளை மிளகு 7, திப்பிலி 15ன்னு விலைப்பட்டியலே இருக்கு, காரம்ங்கிற ஒரே குணத்துக்காக இதை ஏன் இப்படி விரும்புறாங்கன்னு ஆச்சரியமும் படுறாரு. ஆக மேடையில கேக்குற அந்த ஒரு வரி, மூணு இடத்துல இருந்து எடுத்து ஒண்ணா ஒட்டினது.

அதனால நமக்குக் குறை வந்துடுச்சான்னா இல்லவே இல்ல. 6.101க்குக் கொஞ்சம் தள்ளிப் படிச்சுட்டே போனீங்கன்னா முசிறி வருது, பக்கத்துல கடல் கொள்ளைக்காரங்க இருக்காங்க, கப்பல் நிக்கிற இடம் கரையில இருந்து தூரம், அதனால அங்க இறங்குறது நல்லதில்லன்னு மாலுமிக்குச் சொல்ற யோசனை வருது, அதுக்கு அடுத்தாப்ல பாண்டியன் பேரு வருது, துறைமுகத்துல இருந்து ரொம்ப உள்ளே தள்ளி மோதுராங்கிற ஊர்ல இருந்து ஆளுறாருன்னு. மதுரை! முதல் நூற்றாண்டு லத்தீன்ல. இது எந்த ஃபார்வர்ட்லயும் எனக்கு வந்ததில்ல, மூலத்தைத் திறந்ததாலதான் கண்ணுல பட்டுச்சு. மேற்கோளுக்கு முன்னாடி பத்து வரி, பின்னாடி பத்து வரி படிக்கணும்ங்கிறதை நான் இங்கதான் பழகிக்கிட்டேன்.

எங்க படிக்கிறதுன்னு கேப்பீங்க. லாகஸ் கூர்ட்டியஸ்னு ஒரு தளம், சிகாகோ பல்கலைக்கழக சர்வர்ல இருக்கு, காப்புரிமை முடிஞ்ச மொழிபெயர்ப்புகளைப் பொறுமையா தட்டச்சு பண்ணிப் போட்டிருக்காங்க, ரோம் பத்தி எழுதின பழைய ஆசிரியர்கள் சூட்டோனியஸ், காசியஸ் டியோ, அப்பியன், புளூட்டார்க் எல்லாம் அங்க படிக்கலாம். அடுத்தது பெர்சியஸ், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தோடது, இதுல லத்தீன் வார்த்தை மேல கிளிக் பண்ணா அது என்ன வேற்றுமை, என்ன காலம், அகராதில என்ன பொருள்னு வந்துடும். லத்தீன் தெரியாத எனக்கு இது பெரிய உதவி. முழுசாப் படிக்க முடியாட்டியும், மொழிபெயர்ப்புல சந்தேகம் வர்ற ஒரு வார்த்தையை மூலத்துல போய்ப் பார்த்துட்டு வர முடியும். லோப் வரிசைன்னு 1912ல இருந்து வருது, லத்தீன்னா சிவப்பு அட்டை, கிரேக்கம்னா பச்சை, இடது பக்கம் மூலம், வலது பக்கம் இங்கிலீஷ். புதுசு எல்லாம் காசு, ஆனா பழைய தொகுதிகள் இண்டர்நெட் ஆர்க்கைவ்ல பிடிஎஃப்பா கிடைக்கும்.

ஃப்ரீயா கிடைக்கிற மொழிபெயர்ப்பு பெரும்பாலும் நூறு வருஷத்துக்கு மேல பழசுங்கிறதை மனசுல வச்சுக்கணும். அந்தக் காலத்து ஆளுங்க தங்களுக்குக் கூச்சமா பட்டதை மறைச்சிருக்காங்க, ரோமக் கவிஞர் மார்ஷியலோட பழைய லோப் பதிப்புல ஆபாசமான பாட்டை எல்லாம் இங்கிலீஷ்ல போடாம இத்தாலியன்ல போட்டு வச்சிருக்காங்க. அதனால முக்கியமான இடம்னா ரெண்டு மொழிபெயர்ப்பை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒத்துப் போகலைன்னா அங்க ஏதோ விஷயம் இருக்குன்னு அர்த்தம்.

இதுக்கு அடுத்து நான் கவனிக்க ஆரம்பிச்சது, எந்தக் காலத்துக்கு யார் சாட்சி, அந்தச் சாட்சிக்கும் சம்பவத்துக்கும் எவ்வளவு தூரம்ங்கிறது. ரோம வரலாறு எழுதின லிவி 142 புத்தகம் எழுதினாரு, நம்ம கைக்கு வந்தது 35தான். ரோம் நகரத்தை உண்டாக்கினதா சொல்ற ரோமுலஸ் கதையை அவர் எழுதுறப்போ அது நடந்ததா சொல்ற காலம் போய் 700 வருஷம் ஆயிடுச்சு. பொலிபியஸ் அப்படி இல்ல, கி.மு. 146ல கார்தேஜ் எரிஞ்சப்போ ரோமத் தளபதி சிப்பியோ கூடவே இருந்தவரு. ரெண்டு பேரையும் ஒரே தட்டுல வைக்க முடியாது. டாசிட்டஸ் எடுத்துக்கங்க, அன்னல்ஸ்ல 7ல இருந்து 10 வரைக்கும் உள்ள புத்தகங்கள் தொலைஞ்சு போச்சு, பேரரசர் கலிகுலாவோட ஆட்சி மொத்தமும் அந்தத் தொலைஞ்ச பகுதிக்குள்ளதான் போச்சு. அதனால கலிகுலா பத்தி நாம கேக்குற, குதிரைக்குப் பதவி கொடுக்கப் பார்த்த கதை, படைவீரங்களைக் கடற்கரையில சிப்பி பொறுக்க விட்ட கதை எல்லாம் முக்கியமா சூட்டோனியஸ், டியோ வழியா வர்றது, சூட்டோனியஸ் எழுதினது எண்பது வருஷத்துக்கு மேல கழிச்சு. கலிகுலாவை நேர்ல பார்த்து எழுதினவர்னா அலெக்சாண்ட்ரியா யூதர்கள் சார்பா தூது போன ஃபைலோ இருக்காரு, அவர் எழுதினதைப் படிச்சா ஆளே வேற மாதிரி தெரியுறாரு, கட்டடத்தைச் சுத்திப் பார்த்துக்கிட்டு நடந்துட்டே இருக்காரு, தூதுவங்க பின்னாடியே ஓடுறாங்க, நடுவுல திடீர்னு திரும்பி நீங்க ஏன் பன்றிக்கறி சாப்பிடுறதில்லன்னு கேக்குறாரு. பயமா இருக்கும் படிக்க.

டியோ பேரைச் சொன்னேன்ல, அதுலயும் ஒரு உள்விஷயம் உண்டு. அவர் எழுதினது 80 புத்தகம், ஆனா முதல் நூற்றாண்டோட பிற்பகுதிக்கு நாம டியோன்னு சொல்லிப் படிக்கிறது பெரும்பாலும் 11ம் நூற்றாண்டுல கான்ஸ்டாண்டினோபிள்ல சிபிலினஸ்ங்கிற துறவி சுருக்கி எழுதினது. நீரோ மாடியில ஏறி நின்னு ரோம் எரியறதைப் பார்த்துப் பாடினாருன்னு அடிச்சுச் சொல்றவங்கள்ல இந்த டியோவும் ஒருத்தர், ஆனா டாசிட்டஸ் 15.39ல பாருங்க, தீ பிடிச்சப்போ நீரோ ரோமுக்கு வெளியே ஆன்டியம்ங்கிற ஊர்ல இருந்தாரு, பாடினாருன்னு ஒரு வதந்தி பரவுச்சுன்னுதான் இருக்கு. வதந்தின்னு அவரே பிரிச்சு எழுதி வச்சிருக்காரு, நாமதான் கவனிக்கணும்.

ஹிஸ்டோரியா அகஸ்டாங்கிற நூல் பத்தி தனியா எச்சரிக்கை பண்ணியே ஆகணும். ஹேட்ரியன்ல ஆரம்பிச்சு 3ம் நூற்றாண்டுக் கடைசி வரைக்கும் பேரரசர்கள் வாழ்க்கை, ஆறு பேர் எழுதினதா சொல்லிக்கும், நடுநடுவுல கடிதம், செனட் தீர்மானம்னு அசல் ஆவணம் மாதிரியே எடுத்துப் போட்டிருக்கும். ஹெர்மன் டெசாவ்ங்கிற ஜெர்மன் அறிஞர் 1889லயே இது ஒரே ஆள் ரொம்பப் பின்னாடி உட்கார்ந்து எழுதினதுன்னு வாதாடினாரு, இன்னைக்குப் பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்தப் பக்கம்தான், அந்த ஆவணங்கள்ல முக்கால்வாசி கற்பனை. பேரரசர் எலகபாலஸ் விருந்துல மேல இருந்து பூவைக் கொட்டி விருந்தாளிங்க மூச்சு முட்டி செத்தாங்கன்னு யூடியூப்ல ஓடுதே, அது இங்க இருந்து வந்ததுதான். எலகபாலஸ் காலத்துலயே வாழ்ந்த டியோ, ஹெரோடியன் ரெண்டு பேரும் அவரை வெறுத்து எழுதினவங்க, அவங்ககூட இந்தப் பூக்கதையைச் சொல்லல.

நூல்களை விட்டுட்டு கல்லுக்கு வந்தா ஒரு தனி உலகம். நூல் எழுதினவங்க பெரும்பாலும் பணக்காரங்க, மேல்தட்டு ஆளுங்க. சாதாரண ஜனங்க பேசுறது கல்வெட்டுலதான். கிளவுஸ்-ஸ்லாபி டேட்டாபேஸ்ல 5 லட்சத்துக்கு மேல லத்தீன் கல்வெட்டு இருக்கு, லாகின் கூட வேண்டாம். பிரிட்டன்ல கிடைச்ச ரோமக் கல்வெட்டுகளுக்கு ஆர்ஐபி (RIB, Roman Inscriptions of Britain)ன்னு தனித் தளமே இருக்கு, படம், மூலம், மொழிபெயர்ப்பு, குறிப்பு எல்லாம் ஒரே பக்கத்துல. அதுல 1065ன்னு போட்டுப் பாருங்க. இங்கிலாந்தோட வடகிழக்கு ஓரத்துல சவுத் ஷீல்ட்ஸ்ல கிடைச்ச கல்லறைக் கல், 2ம் நூற்றாண்டு. ஒரு பொண்ணு நாற்காலில உட்கார்ந்திருக்கா, கையில நூல் நூக்குற கோல், ஒரு பக்கம் கம்பளி உருண்டைக் கூடை, இன்னொரு பக்கம் நகைப்பெட்டி, முகம் உடைஞ்சு போயிருக்கு. பேரு ரெகினா, தெற்கு பிரிட்டன்ல இருந்த கேட்டுவெல்லானி இனத்துப் பொண்ணு, வயசு 30. கல்லு வச்சவர் பராடீஸ், சிரியாப் பாலைவனத்துல இருக்கிற பல்மைராக்காரர். அவர்கிட்ட அடிமையா இருந்தவளை விடுதலை பண்ணி கல்யாணம் கட்டிக்கிட்டிருக்காரு. லத்தீன்ல மேல எழுதியிருக்கு, இலக்கணம் தடுமாறுது. அதுக்குக் கீழே அவரோட சொந்த மொழியில, பல்மைரா எழுத்துல ஒரே ஒரு வரி, அது மட்டும் தெளிவா அழகா வெட்டியிருக்கு: ரெகினா, பராடீஸ் விடுதலை செய்தவள், ஐயோ.

அந்த ஊர்ல அந்த எழுத்தைப் படிக்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க? ரோம சாம்ராஜ்யம்னா என்னன்னு எனக்கு அந்த ஒரு கல்லு சொன்ன அளவுக்கு எந்தப் புத்தகமும் சொல்லல.

இதே கல்லை வச்சு ஒரு தொழில் விஷயமும் கத்துக்கலாம். கல்வெட்டு அச்சுல வர்றப்போ ரெண்டு விதமான அடைப்புக்குறி வரும். வளைஞ்ச அடைப்புக்குள்ள இருந்தா, கல்லுல சுருக்கி வெட்டினதை ஆய்வாளர் விரிச்சு எழுதியிருக்காருன்னு அர்த்தம். சதுர அடைப்புன்னா கல்லு உடைஞ்சு எழுத்தே போயிடுச்சு, அங்க இது இருந்திருக்கும்னு ஆய்வாளர் நிரப்பினதுன்னு அர்த்தம். பக்கத்துல கார்பிரிட்ஜ்ல இன்னொரு கல்லறைக் கல், ஆர்ஐபி 1171, ஒரு பல்மைராக்காரர், கொடி சம்பந்தப்பட்ட வேலை, 68 வயசுல இறந்தவர், பேரு பராடீஸ்னு போட்டிருக்கும். ஆஹா ரெகினாவோட புருஷன் கிடைச்சுட்டாருன்னு தோணும், பல பேர் அப்படியே எழுதியும் இருக்காங்க. ஆனா பேரோட முதல் எழுத்துக்கள் சதுர அடைப்புக்குள்ள இருக்கு. அவரேவா இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அவரா இருக்கணும்னுதான் எனக்கும் ஆசை, ஆனா கல்லு அதுவரைக்கும் சொல்லல.

பாப்பிரஸ்னு (நாணல்ல செஞ்ச அந்தக் காலத்து எழுதுதாள்) எடுத்தா முசிறி பாப்பிரஸ் பத்தி நம்ம ஆளுங்களுக்கு ஓரளவு தெரியும். வியன்னால ஆஸ்திரிய தேசிய நூலகத்துல இருக்கு, 2ம் நூற்றாண்டு நடுவுல உள்ளது, 1985ல அச்சுல வந்துச்சு. ஒரு பக்கம் முசிறி வியாபாரத்துக்கான கடன் ஒப்பந்தம், மறு பக்கம் ஹெர்மபொல்லோன்ங்கிற கப்பல்ல வந்த சரக்கோட மதிப்பு, கங்கைப் பக்கத்து சடாமாஞ்சி, தந்தம் எல்லாம் கணக்குல வருது, மொத்தம் சுமார் 70 லட்சம் செஸ்டர்ஸ் அளவுக்குப் போகுது. ஒரே கப்பல்! பிளினியோட 10 கோடி வெறும் புலம்பலா, நிஜக் கணக்கான்னு கேக்குறவங்களுக்கு இதைப் பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் ஒரு அளவு பிடிபடும். ஒரு நூல் வரி, ஒரு வியாபாரச் சீட்டு, மண்ணுல கிடைச்ச நாணயம், மூணும் வேற வேற கையில இருந்து வந்து ஒரே பக்கம் கை காட்டினா அங்க தைரியமா நிக்கலாம். நாணயத்துக்கு அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்துற ஓக்ரே (OCRE) தளம் இருக்கு, பேரரசர் பேர் போட்டுத் தேடலாம், நேர்ல பார்க்கணும்னா தமிழ்நாட்டுல கிடைச்ச ரோம நாணயங்கள் எழும்பூர் மியூசியத்துல இருக்கு.

இன்னைக்கு ஆய்வாளர்கள் எழுதுறதைப் படிக்க, ஆய்வுக் கட்டுரைகள் இருக்கிற ஜேஸ்டோர் (JSTOR) தளத்துல ஃப்ரீ அக்கவுண்ட் போட்டா மாசம் 100 கட்டுரை வரைக்கும் ஆன்லைன்ல படிக்கலாம். புது புத்தகம் வாங்கலாமா வேண்டாமான்னு பார்க்க பிரின் மார் கிளாசிக்கல் ரிவ்யூங்கிற புத்தக விமர்சன இதழ் இருக்கு, 1990ல இருந்து வருது, முழு விமர்சனமும் இலவசம், புத்தகம் வாங்க வசதி இல்லாதப்போ அந்த விமர்சனத்துலயே வாதம் என்ன, அதுக்கு எதிர்ப்பு என்னன்னு பாதி தெரிஞ்சுடும். கிடைக்காத கட்டுரைன்னா எழுதினவருக்கே மரியாதையா ரெண்டு வரி மெயில் போடுங்க, எனக்கு வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருத்தர் கட்டுரையோட சேர்த்து இதையும் படிங்கன்னு இன்னொண்ணும் அனுப்பினாரு. விக்கிபீடியாவை ஒதுக்க வேண்டாம், கீழே இருக்கிற அடிக்குறிப்புக்கு நேரா இறங்கிடுங்க. ஏஐ கிட்ட கேட்டாலும் நம்பரை மட்டும் வாங்கிக்கிட்டு நேர்ல போய்ப் பாருங்க, இல்லாத இடத்துக்கு நம்பர் கொடுக்கிறது அதுக்குச் சர்வ சாதாரணம். கலிகுலா ஆட்சிக்கு அன்னல்ஸ் 8வது புத்தகம்னு சொல்லுச்சுன்னா அந்தப் புத்தகமே உலகத்துல இல்லன்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

நான் ஒரு எக்செல் ஷீட் வச்சிருக்கேன், தகவல், மூல நம்பர், எந்த மொழிபெயர்ப்பு, எழுதினவர் எந்த வருஷத்து ஆள், சம்பவம் எந்த வருஷம், அவ்வளவுதான் அதுல இருக்கிற கட்டங்கள். நம்பர் கிடைக்காத தகவல் எல்லாம் சிவப்புல நிக்கும், நம்பர் கிடைச்சாதான் கறுப்பாகும்.

எதுல ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சீங்கன்னா ரெஸ் கெஸ்டேல ஆரம்பிங்க. ரோமோட முதல் பேரரசர் அகஸ்டஸ் தன்னைப் பத்தித் தானே எழுதி வச்சுட்டுப் போனது, நமக்கு நல்லா கிடைச்ச பிரதி துருக்கியோட அங்காரால ஒரு கோயில் சுவர்ல வெட்டியிருக்கு. 35 சின்ன அத்தியாயம், ஒரே சாயங்காலத்துல முடிச்சிடலாம். எவ்வளவு பணம் கொடுத்தேன், எந்தக் கோயிலைக் கட்டினேன், எத்தனை கிளாடியேட்டர் சண்டை நடத்தினேன்னு அவரே கணக்குச் சொல்லுவாரு, 31ல இந்திய அரசர்கள்கிட்ட இருந்து தன்கிட்ட அடிக்கடி தூது வந்ததுன்னு பெருமை வேற. முடிச்ச கையோட டாசிட்டஸ் அன்னல்ஸ் 1.9ம் 1.10ம் எடுத்துப் படிங்க. அகஸ்டஸ் இறந்த சமயத்துல ஊர்ல அவரைப் புகழ்ந்தவங்க என்ன சொன்னாங்க, திட்டினவங்க என்ன சொன்னாங்கன்னு ரெண்டையும் அடுத்தடுத்து வச்சிருக்காரு, கல்லுல பெருமையா இருக்கிற அதே காரியங்கள்ல பல அங்க திட்டுறவங்க வாயில வேற ஒரு காரணத்தோட வரும்.